கடல்ராணியின் மேல்பெட்டி

தயாளினி: அந்தப் படியில மிதிக்காதேங்கோ அக்கா. அடுத்ததில வையுங்கோ.

றிஷானா: ஏன், இதிலயும் பேய் படுத்திரிக்கா?

தயாளினி: இது கறையான். பேய் மேல.

றிஷானா: வந்ததில இருந்து இதைத்தானே சொல்றீங்க. டிக்கட் ரூமுக்குள்ள மெஷின் போட்டுச் சட்டை தைக்கிற ஆளுக்கு இவ்வளவு பேய் விசயம் தெரிஞ்சிரிக்கு.

தயாளினி: தைக்கிற ஆளெண்டாலும் கதவுத் திறப்பு என்னட்டத்தானே கிடக்கு. தியேட்டர் முதலாளிட மகன் கனடாவில இருந்து போன் எடுத்துச் சொல்லுவார், "தயாளினி, வாங்கிறதுக்கு ஆக்கள் வருவினம், கட்டடத்தைக் காட்டுங்கோ" எண்டு. காட்டுறன். உள்ளுக்க இருக்கிறதை மறைச்சுக் காட்டினா பாவமெல்லோ.

றிஷானா: மூதூர் ஹிஸ்புல்லா ஹாஜியாருக்கும் இப்பிடித்தான் காட்டினீங்களாம். மனிசன் பாதியில இறங்கி ஓடிட்டாராம்.

தயாளினி: ஓடேல்லை. அவருக்கு முழங்கால் நோ. மெல்லமாத்தான் போனவர்.

றிஷானா: நல்ல ஆள் நீங்க.

தயாளினி: பிறகு கந்தளாயில இருந்து ஒரு அரிசிக்காரர் வந்தவர். அவர் ஓடினவர்தான். செருப்பை விட்டுட்டு.

றிஷானா: நான் ஓட மாட்டன் தங்கச்சி. கையெழுத்து வைக்கத்தான் வந்த. வேன்ல என்ட புருசன் ஸஜ்ஜாத் பேப்பரோட இரிக்கார். இந்த மேல்பகுதியைப் பார்த்திட்டனெண்டா வேலை முடிஞ்சிடும்.

தயாளினி: என்ன செய்யப் போறீங்கள் இதை?

றிஷானா: கீழ புடைவைக்கடை. மேல கலியாண ஹோல்.

தயாளினி: கலியாண ஹோலோ... மாப்பிள்ளை கழுத்தில மாலை விழேக்க மேல இருந்து ஆராவது சிரிச்சா என்ன செய்வியள்?

றிஷானா: சாப்பாடு குடுத்து அனுப்புவம்.

தயாளினி: பகிடி விடுங்கோ. இதான் பல்கனி. அந்த வரிசைக்குப் போகாதேங்கோ, கதிரையெல்லாம் உக்கிப் போச்சு. இதில நிண்டு பாருங்கோ. முன்னுக்குத் தெரியிற வெள்ளைச் சுவர்தான் திரை.

றிஷானா: பெரிய இடம் என்ன.

தயாளினி: பெரிசுதான். முதல்ல இது தகரக் கொட்டில். வெள்ளைக்காரன்ட பெரிய சண்டை நேரம் நேவிக்காரருக்குப் படம் காட்டினதாம். அவங்கள் போன பிறகு முதலாளி காணியை வாங்கிக் கல்லால கட்டினார். கடல்ராணி தியேட்டர். கப்பலில வாற ஆக்கள், டொக்யாட் ஆக்கள், சாம்பல்தீவில இருந்து சைக்கிளில வாற சனம். கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலைப் பொடியள் லொறியில ஏறி வருவினமாம், படம் தொடங்க முதலே விசிலடிச்சுக்கொண்டு.

றிஷானா: பொம்பளைகள்?

தயாளினி: என்ன?

றிஷானா: பொம்பளைகள் வாறதில்லையா எண்டு கேக்கன்.

தயாளினி: வந்தவை. கீழ லேடீஸ் பக்கம் இருந்தது, ஒரு கயிறு கட்டித் திரை போட்டு. ஆனா அதில வாறது வசதியில்லாத வீட்டு ஆக்கள்தான். மற்ற வீடுகளில விட மாட்டினம்.

றிஷானா: அதுக்குத்தானே மேல்பெட்டி.

தயாளினி: ...ஆர் உங்களுக்கு அதைச் சொன்னது?

றிஷானா: ஊர்க்கதைதானே. அந்தா, வலப்பக்கம் பலகை அடிச்சிரிக்கே, அதுவா?

தயாளினி: கிட்டப் போகாதேங்கோ அக்கா. இஞ்ச நிண்டு பார்த்தாக் காணும்.

றிஷானா: சரி, இங்கயே நிக்கன். நீங்க சொல்லுங்க.

தயாளினி: சொல்ல என்ன இருக்கு. முதலாளிட பெண்சாதி ஒரு நாள் கேட்டாவாம், "ஊருக்கெல்லாம் படம் காட்டுறீங்கள், எனக்கு?" எண்டு. அவர் யோசிச்சுப் போட்டு அந்த மூலையில ஒரு அறையைக் கட்டினார். முன்னுக்குச் சின்னச் சின்ன ஓட்டை வைச்ச மரக் கராதி. உள்ளுக்க இருந்து பார்த்தாத் திரை தெரியும். வெளிய இருந்து பார்த்தா ஒண்டும் தெரியாது. பல்கனியால உள்ள போக வழியே இல்லை. பின் ஒழுங்கையில ஒரு சின்னக் கதவு, அதால படியேறி நேர உள்ள.

றிஷானா: முதலாளிட பெண்சாதிக்கு மட்டுமா?

தயாளினி: முதல்ல அவவுக்கு. பிறகு அவட மச்சாள்மார். பிறகு அவையின்ட சிநேகிதியள். இப்பிடி இப்பிடி, கடைசியில ஊரில பாதிப் பொம்பிளையள் மட்னி ஷோவுக்கு இந்தப் பெட்டிக்குள்ளதான். முஸ்லிமாக்கள், எங்கட ஆக்கள், எல்லாரும் சீலையால முக்காடு போட்டா ஒரே மாதிரித்தானே.

றிஷானா: வீட்டில?

தயாளினி: வீட்டில சுகமில்லாத மாமியைப் பார்க்கப் போறம் எண்டுவினம். அந்தக் காலத்தில திருகோணமலையில சுகமில்லாத மாமிமார் கனபேர்.

றிஷானா: ஹ்ம்.

தயாளினி: சிரிக்கிறீங்கள் இல்லை.

றிஷானா: சிரிச்சன். உள்ளுக்குள்ள. வாசலில ஆர் நிண்ட?

தயாளினி: ஒரு மனிசி. யோகம்மா எண்டு. சல்லிக் கிராமத்து ஆள். வாசல்காரியெண்டுதான் சொல்லுவினம். லைற் நூந்து படம் தொடங்கின பிறகு கதவைத் திறந்து விடுவா. எல்லாரும் ஏறினவுடன வெளியால பூட்டிப் போட்டு ஸ்டூலில இருப்பா. ஆம்பிளையள் ஆரும் உள்ள போய்விடக் கூடாதெண்டு. செருப்பைக்கூட வெளிய விட மாட்டா. செருப்பைப் பார்த்து இன்னாற்ற பெண்சாதியெண்டு ஆரும் கண்டுபிடிச்சிடுவினமெல்லோ, எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போய் மேல வைச்சிடுவா.

றிஷானா: கெட்டிக்காரி.

தயாளினி: ஆர் வந்தது, ஆர் போனது, ஒரு பேர் அவட வாயால வராது. ஒருக்காலும் வராது. கீழ இருக்கிற ஆம்பிளையளுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. மேல சத்தம் கேட்டா நிமிர்ந்து பார்க்கப்படாது. காப்புச் சத்தம் கேட்கும், வெத்திலை வாசம் வரும், பாக்குவெட்டி சடக் சடக்கெண்டும். ஒருத்தரும் தலையைத் திருப்ப மாட்டினம். திருப்பினா மானங்கெட்டவன்.

றிஷானா: தன்ட பொண்டாட்டி மேல இரிக்கிறதே தெரியாம கீழ இருந்திருப்பானுகள்.

தயாளினி: ஓம், அதுதான் பகிடி. சிரிப்புச் சீன் வந்தா முதல்ல மேல சிரிப்பினமாம். பிறகுதான் கீழ சிரிப்பினம். மேல சிரிக்காட்டி அது பகிடியில்லையெண்டு ஒரு முடிவு.

றிஷானா: நல்லா இருந்திருக்கும்.

தயாளினி: நல்லா என்ன... பாவங்கள். ஒரு படத்தின்ட முடிவையும் அவை பார்த்ததில்லை.

றிஷானா: என்ன சொன்னீங்க?

தயாளினி: முடிவு பார்க்கிறதில்லையெண்டன். லைற் போட முதல் இறங்கிப் போகோணுமெல்லோ. கடைசிச் சண்டை தொடங்கேக்க யோகம்மா வந்து கதவைத் தட்டுவா. எழும்பி ஓடிடுவினம். வில்லன் செத்தவனோ, ஹீரோயின் ஆரைக் கட்டினவளோ, ஒருத்திக்கும் தெரியாது... அக்கா? என்ன, ஏன் இருக்கிறீங்கள்? அந்தக் கதிரை வேண்டாம், உக்கினது.

றிஷானா: தண்ணி இரிக்கா?

தயாளினி: கீழ மெஷினடியில இருக்கு. எடுத்து வரவே?

றிஷானா: வேணாம். நீங்க போகாதீங்க.

தயாளினி: பயந்திட்டீங்கள் என்ன. நான் இன்னும் பேய்க்கதைக்கே வரேல்லை.

றிஷானா: என்ட ஒரு கூட்டாளி... அவட உம்மா ராவில கதை சொல்லுவாவாம். டாக்டர் ஒருத்தன்ட கதை, இரட்டைப் பிள்ளைகள்ட கதை, கண் தெரியாத பெட்டைட கதை. எல்லாம் நல்லாச் சொல்லுவா. முடிவு மட்டும் வராது. "மறுகா என்ன நடந்த உம்மா?" எண்டு கேட்டா, "அதை நீ சொல்லு மகள்" எண்டுவாவாம். சின்னப் பிள்ளைதானே. ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு சொல்லும். உம்மா கையைத் தட்டிச் சிரிப்பா. இவளுக்கு நல்ல மூளையெண்டு தன்னைச் சோதிக்கிறாவாக்கும் எண்டு நினைச்சாளாம், என்ட கூட்டாளி.

தயாளினி: ...வாங்கோ கீழ போவம். பார்த்தது காணும்.

றிஷானா: பேய்க்கதையைச் சொல்லுங்க.

தயாளினி: வேண்டாம் அக்கா. சும்மா பகிடிக்குச் சொன்னனான்.

றிஷானா: மத்த எல்லாருக்கும் சொன்னீங்கதானே. எனக்கும் சொல்லுங்க. சொன்னாத்தான் கையெழுத்தா இல்லையாண்டு நான் முடிவெடுப்பன்.

தயாளினி: அப்பிடியெண்டால் கேளுங்கோ. அந்தப் பெட்டிக்குள்ள இண்டைக்கும் ஆக்கள் இருக்கினம். பொழுதுபடுற நேரம் தட்டுவினம், பாக்குவெட்டியால பலகையில. மெல்லமா. நிண்டு நிண்டு. பிறகு அழுவினம். கேட்டவன் வீட்டில மூண்டு நாள் காய்ச்சலில கிடப்பான்.

றிஷானா: நீங்க கேட்டிரிக்கீங்களா?

தயாளினி: எத்தினை தரம். நேற்றும்...

றிஷானா: ஸ்ஸ்.

தயாளினி: என்ன?

றிஷானா: கேளுங்க. அந்தா. கேட்டுதா?

தயாளினி: புறா.

றிஷானா: புறா தட்டுமா?

தயாளினி: கூரைக்குள்ள கூடு கட்டியிருக்கும். வாங்கோ.

றிஷானா: பிறகு ஏன் என்ட கையைப் பிடிக்கிறீங்க? ஒவ்வொரு நாளும் கேக்கிற ஆள்தானே நீங்க.

தயாளினி: அக்கா, நான் உண்மையைச் சொல்லுறன். பொய்தான் சொன்னனான். நான் இஞ்ச கடை போட்ட காலத்தில இருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லை. வாற ஆக்களைக் கலைக்கத்தான் சொல்லுறது. கடை போயிடுமெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. நான் ஒரு நாளும்... அது திரும்பவும்.

றிஷானா: ஓம். தட்டுது.

தயாளினி: எங்க போறீங்கள்? அக்கா, அங்கால போகாதேங்கோ. விசரே உங்களுக்கு?

றிஷானா: நான் ஒருக்காத் தட்டிப் பாக்கன்.

தயாளினி: வேண்டாம். பலகையில இருந்து கையை எடுங்கோ.

றிஷானா: கேட்டீங்களா. நான் தட்டினதுக்குப் பதில் தட்டுது.

தயாளினி: முருகா.

றிஷானா: தங்கச்சி, இதில இருங்க. என்ட தோளைப் பிடிங்க. ஓதிக்கொண்டுதான் இரிக்கன், ஒண்டும் செய்யாது. எனக்கு ஒண்டே ஒண்டைச் சொல்லுங்க. இந்தச் சத்தத்தை முதல் முதல் ஆர் கேட்ட?

தயாளினி: அகதிச் சனம்.

றிஷானா: எப்ப?

தயாளினி: தொண்ணூறில. சண்டை தொடங்கின நேரம். மட்னி ஷோ நடந்துகொண்டிருந்ததாம். வெடிச்சத்தம் கேட்டவுடன படம் பார்த்த சனம் முன்வாசலால ஓடிட்டுது. பின் ஒழுங்கையில ஷெல் ஒண்டு விழுந்தது. பொழுதுபட, வீடுகளில இருக்க ஏலாத சனமெல்லாம் கல்லுக் கட்டடமெண்டு இதுக்குள்ள வந்து படுத்தது. எல்லாச் சாதி சனமும்.

றிஷானா: பின் ஒழுங்கையில எங்க விழுந்த, ஷெல்?

தயாளினி: படியில.

றிஷானா: பெட்டிக்கு ஏறுற படியிலயா?

தயாளினி: ஓம். இடிஞ்சு போச்சு. பிறகு ஆரோ அந்தப் பக்கத்தைக் கல்லு வைச்சு அடைச்சிட்டினம்.

றிஷானா: சனம் வந்து படுத்த அண்டைக்கே சத்தம் கேட்டுதா?

தயாளினி: அண்டைக்கு இல்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகுதான் தட்டிச்சுதாம். அதுக்குப் பிறகு அழுகை. ராவில பொம்பிளைக் குரல், மேல இருந்து. கரண்ட் இல்லை, இருட்டு. சனம் நடுங்கிப் போச்சு. எங்கட ஆக்கள் கற்பூரம் கொளுத்தினவை, உங்கட ஆக்கள் யாசீன் ஓதினவை.

றிஷானா: ஒருத்தரும் மேல பாக்கலையா?

தயாளினி: சொன்னனே... அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கிறதில்லை. பழகிப் போச்சு சனத்துக்கு.

றிஷானா: அப்ப அது பேயில்ல.

தயாளினி: அக்கா.

றிஷானா: மட்னி ஷோவுக்கு வந்த பொம்பளைகள். வெளியால பூட்டு. படியும் இல்ல. உயிரோட உள்ளுக்க இருந்திரிக்காங்க, தங்கச்சி.

தயாளினி: இல்லை. உயிரோட இருந்தா முதல் நாளே கத்தியிருப்பினம். ஏன் கத்தேல்லை? சொல்லுங்கோ. ஏன் கத்தேல்லை?

றிஷானா: வெட்கத்தில.

தயாளினி: என்ன?

றிஷானா: கீழ ஊரே படுத்திரிக்கு. மாமனார் இருப்பார், மச்சான் இருப்பான், பள்ளிவாசல் தலைவர் இருப்பார். வாயைத் திறந்தா இவள் படம் பார்க்க வந்தவளெண்டு தெரிஞ்சிடும். வாசல்காரி எப்படியும் வந்து திறப்பாவெண்டு பொறுத்திருப்பாங்க. நானெண்டாலும் அப்பிடித்தான் இருந்திருப்பன். பொறுக்க ஏலாமப் போய்க் கத்தேக்க தொண்டையில தண்ணி இல்லை. கீழ இருந்த சனத்துக்கு அது பேயாப் போச்சு.

தயாளினி: நிப்பாட்டுங்கோ.

றிஷானா: இந்தப் பலகையை ஆர் அடிச்ச?

தயாளினி: நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுறன்.

றிஷானா: ஆர் அடிச்ச?

தயாளினி: அந்தச் சனம்தான். சின்னப் பிள்ளையள் பயந்து நித்திரை கொள்ளுதில்லையெண்டு நாலைஞ்சு ஆம்பிளையள் ஏறி வந்து அடிச்சவை. கண்ணை மூடிக்கொண்டு அடிச்சவையாம். பலகை அடிச்ச பிறகு சத்தம் குறைஞ்சு போச்சாம். இவ்வளவும் கேட்டது காணுமே? இப்ப சந்தோசமே?

றிஷானா: நாத்தம் வந்திரிக்குமே.

தயாளினி: அதுக்குள்ள இஞ்ச இருந்த சனத்தைக் கப்பலில ஏத்திட்டாங்கள். இந்த வீதி முழுக்க நாறினது அக்கா அந்த மாதம். எதெண்டு தேட ஆர் இருந்தது.

றிஷானா: எல்லாம் தெரிஞ்சு வைச்சுக்கொண்டுதான் பேய்க்கதை சொல்லிச் சொல்லி ஆக்களைக் கலைச்சீங்களா?

தயாளினி: பேய்தான். அது பேயா இருக்கோணும், விளங்குதே? பேயெண்டா ஒரு கதை. சொல்லிப் போட்டு வீட்டை போய்ச் சோறு தின்னலாம். ஆக்களெண்டா என்னெண்டு தின்னுறது?

றிஷானா: எனக்கு ஆக்களா இருக்கணும்.

தயாளினி: நீங்கள் கடை போட வந்த ஆள். உங்களுக்கென்ன.

றிஷானா: கடையும் இல்ல, ஹோலும் இல்ல. கூட்டாளியும் இல்ல. அந்தப் பிள்ளை நான்தான். இங்க ஜமாலியாவில இருந்தம் அப்ப. அண்டைக்கு உம்மா சுகமில்லாத மாமியைப் பார்த்திட்டு வாறனெண்டு போனா. எனக்கு முத்தம் தந்தா, முட்டாக்கைச் சரி செஞ்சா, போயிட்டா. என்ட உம்மா றஹ்மா எவனோடயோ ஓடிட்டாளெண்டு சொன்னாங்க. ஏனெண்டா எந்த மாமியும் அவவைக் காணலை. வாப்பா வேற கலியாணம் கட்டினார். எங்களைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். செத்துப் போற வரைக்கும் அவட பேரை வாயால சொல்லலை. எனக்குக் கலியாணம் பேசி வந்த ஒவ்வொருத்தனும் கேட்டான், தாய் எங்க எண்டு. நான் சிரிச்சாக் குத்தம், பூ வைச்சாக் குத்தம். ஓடினவள்ட மகள்.

தயாளினி: பிறகு என்னெண்டு இஞ்ச...

றிஷானா: போன நோன்புக்கு சனூஸா சாச்சி வருத்தத்தில படுத்த படுக்கையாக் கிடந்தா, உம்மாட தங்கச்சி. என்ட கையைப் பிடிச்சு, "உன்ட உம்மா கடல்ராணிக்குப் போறவ, என்னையும் ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு போனவ" எண்டு சொன்னா. இவ்வளவு காலமும் ஏன் சொல்லலையெண்டு கேட்டன். சொன்னாத் தன்னைக் கட்டினவர் தன்னையும் சந்தேகப்படுவாராம். அவர் மௌத்தான பிறகுதான் வாய் திறந்தா. நான் கிண்ணியாக் காணியை வித்திட்டு வந்த, தங்கச்சி. இந்தப் பெட்டியைத் திறக்கத்தான்.

தயாளினி: உள்ளுக்க ஒருத்தரும் இல்லையெண்டா?

றிஷானா: அப்ப அவ ஓடினவதான். அதையும் தெரிஞ்சுகொண்டு போறன்.

தயாளினி: ...பையுக்க என்ன கடமுடவெண்டு எடுக்கிறீங்கள்? சுத்தியலோ?

றிஷானா: ஹார்ட்வெயார்காரன்ட பொண்டாட்டி. வேற என்னத்தைக் கொண்டு வாற.

தயாளினி: அக்கா, இண்டைக்கு வேண்டாம். கையெழுத்தை வைச்சுப் போட்டு ஆக்களோட வந்து நாளைக்குத் திறவுங்கோ. நான் நாளைக்கு வர மாட்டன்.

றிஷானா: நாளைக்கெண்டா எனக்குத் தைரியம் வராது. தள்ளுங்க.

தயாளினி: கையைக் கிழிச்சுக்கொள்ளப் போறீங்கள். துருப் பிடிச்ச ஆணி.

றிஷானா: கிழியட்டும்.

தயாளினி: அப்பிடிப் புடுங்க ஏலாது. பலகைதான் உடையும்... விடுங்கோ. இஞ்ச தாங்கோ. நான் புடுங்கிறன்.

றிஷானா: நீங்களா?

தயாளினி: கதைக்காதேங்கோ. போனில லைற்றைப் போட்டுப் பிடியுங்கோ. கீழ பிடியுங்கோ... ஓம். வருது.

றிஷானா: இப்ப தட்டுறது நிண்டிட்டு.

தயாளினி: ஓம். நான் முதல் ஆணியில சுத்தியலை வைச்ச உடனயே நிண்டிட்டுது.

றிஷானா: மெல்ல. உள்ளுக்க விழுந்திடும்.

தயாளினி: விழாது. கராதி இருக்கு. இந்தாங்கோ, ஒரு பலகை கழண்டிட்டு. பாருங்கோ.

றிஷானா: என்னால ஏலாது. நீங்க பாருங்க. பாத்துச் சொல்லுங்க.

தயாளினி: இவ்வளவு தூரம் வந்திட்டு...

றிஷானா: ஏலாது தங்கச்சி. நீங்க சொல்லுங்க, நான் கேக்கன்.

தயாளினி: தாங்கோ போனை.

றிஷானா: என்ன தெரியுது?

தயாளினி: தூசி. வாங்குகள். குந்தி இருக்கிற நீட்டு வாங்கு, கீழ பாய் விரிச்சிருக்கு. செருப்பு... அந்தத் தொங்கல் மூலையில செருப்புகள் வரிசையாக் கிடக்கு.

றிஷானா: ஆக்கள்?

தயாளினி: பொறுங்கோ.

றிஷானா: ஆக்கள் இரிக்காங்களா?

தயாளினி: இருக்கினம்.

றிஷானா: யா அல்லாஹ்.

தயாளினி: அழாதேங்கோ. இல்லை, அழுங்கோ, அழுங்கோ. சுவரோரமா ஒண்டாக் கிடக்கினம். நெருக்கி. சீலையால போர்த்தியிருக்கு. ஒருத்தர் மிச்சமிருந்து மற்ற எல்லாரையும் போர்த்தி விட்ட மாதிரி. காலைக்கூட மூடியிருக்கு.

றிஷானா: ஓடலை. அவ ஓடலை. கேட்டீங்களா வாப்பா, என்ட உம்மா ஓடலை.

தயாளினி: ஓடேல்லை அக்கா. ஒருத்தரும் ஓடேல்லை.

றிஷானா: புறா இரிக்கா உள்ளுக்க?

தயாளினி: ஒண்டும் இல்லை. கூரையில ஒரு ஓட்டைகூட இல்லை. எச்சம் இல்லை. தூசியில ஒரு அடையாளமும் இல்லை.

றிஷானா: அப்ப தட்டின...

தயாளினி: கேட்காதேங்கோ.

றிஷானா: உங்கட பார்வை ஏன் கீழ போகுது? அதில என்ன?

தயாளினி: இதில ஒருத்தி தனிய இருக்கிறா. நாங்கள் பலகை கழட்டின இடத்துக்கு நேர கீழ. கராதியோட சாய்ஞ்சு. போர்த்தேல்லை. போர்த்தி விட ஆள் இருந்திருக்காது. விரல் எலும்பு கராதிக்குள்ளால வெளிய வந்திருக்கு.

றிஷானா: இன்னாலில்லாஹி... தங்கச்சி, தொடாதீங்க. கையை எடுங்க. பொலிஸ் வந்து பாக்கணும்.

தயாளினி: நான் தொடேல்லை. பக்கத்தில வைச்சிருக்கிறன்.

றிஷானா: ஹலோ... ஸஜ்ஜாத். மேல வர வேணாம். நான் நல்லாத்தான் இரிக்கன். பொலிஸுக்கு எடுங்க. ஓம். இரிக்காங்க... உம்மா மட்டுமில்ல, கன ஆக்கள். நீங்க அழாதீங்க, எடுங்க. ஓம், வைக்கன்.

தயாளினி: வந்து அள்ளிக்கொண்டு போயிடுவாங்கள் என்ன.

றிஷானா: கொண்டு போகட்டும். கோட்டில கேட்டு எடுப்பம். எத்தனை வருசமெண்டாலும் அலைஞ்சு எடுப்பம். எடுத்து எல்லாரையும் ஒண்டா எங்கட மையவாடியில அடக்குவம். ஆர் எந்தப் பிள்ளைட உம்மாவெண்டு பிரிச்சுப் பார்க்க ஏலாதுதானே. நான் எல்லாருக்கும் ஓதுவன்.

தயாளினி: எல்லாரையும் வேண்டாம்.

றிஷானா: ஏன்? எங்கட மண்ணெண்டா யோசிக்கிறீங்க?

தயாளினி: அதில்லை அக்கா. நல்லா ஓதுங்கோ. இவவை மட்டும் எனக்கு விடுங்கோ, இந்தப் பலகைக்குக் கீழ இருக்கிறவவை. சல்லிக்குக் கொண்டு போய் எரிக்கோணும். இவ படம் பார்க்க வந்தவ இல்லை. ஷெல் விழ முதல் கதவைத் திறந்து இவையளைக் கூட்டிக்கொண்டு வர மேல ஏறினவ.

றிஷானா: வாசல்காரியா? அவ வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போயிட்டாவெண்டுதானே ஊரில சொல்றாங்க. முகமும் இல்ல, ஒரு அடையாளமும் இல்ல. என்னெண்டு தெரியும் உங்களுக்கு? இது என்ட உம்மாவாயும் இருக்கலாமே.

தயாளினி: அந்த அழுகை கேட்ட ராவில நான் கீழ, பெரியம்மாட மடியில கிடந்தனான் அக்கா. மேல இந்தக் கராதியடியில இருந்து "தயாக்குட்டி, அம்மா இஞ்ச இருக்கிறன்" எண்டு கேட்டுது. ஓமெண்டு சொல்ல வாயெடுத்தனான். பேய் கூப்பிடுது, பேசாமல் கிடவெண்டு பெரியம்மா என்ட வாயைப் பொத்திப் போட்டா.